ஆறு போத்தலோடு பாலிக் பூலாவ் மேட்டில்

டிசம்பர் 2025, ஞாயிறு இரவு

சைக்கிள் பந்தயக்காரர்களுக்குப் புது வருஷம் டிசம்பரிலேயே பிறந்துவிடும். பந்தயமெல்லாம் முடிந்து, கொஞ்ச நாள் சைக்கிளைத் தொடாமல் கிடந்து, உடம்பு கனத்த பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற மாதம் இது. காலையில் கோலாலம்பூரில் பஸ் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, கழற்றி வைத்திருந்த முன் சக்கரத்தை மாட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டே ஃபெர்ரியில் ஏறினேன். சாயங்காலத்துக்குள் பினாங்குத் தீவில், கெலுகோரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று.

செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கோம்பாக் வழியாகப் பழைய பெந்தோங் சாலையில் கெந்திங் செம்பா வரை ஏறி இறங்குவதுதான் என் தினப்படி பாடம். நல்ல ஏற்றம். ஆனால் ஒரே நீளமாக, ஒரே மாதிரி போகும். பினாங்கில் மேடுகள் குட்டையானவை, செங்குத்தானவை, வளைவுக்கு மேல் வளைவு. எனக்கு இப்போது அதுதான் வேண்டும். கிழக்குக் கரையில் டிசம்பர் முழுக்க மழை. பினாங்கில் அக்டோபர், நவம்பரில் கொட்டித் தீர்த்துவிட்டு இந்நேரம் ஓய ஆரம்பித்திருக்கும்.

2026 எனக்கு முக்கியமான பருவம். 22 வயது ஆகிறது. 23 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இதுவே கடைசி ஆண்டு; அதற்கப்புறம் வயதுச் சலுகை எதுவும் கிடையாது. சேர்ந்திருப்பது புதிய அணி, கான்டினென்டல் நிலை. உலக டூர் அணிகள், புரோ அணிகள், அதற்கு அடுத்த படி நாங்கள். இந்தப் படியில் உலகச் சைக்கிள் சங்கம் விதித்த குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இல்லை. முன்பு இருந்த அணியில் சம்பளம் தள்ளித் தள்ளித்தான் வந்தது. புதிய அணி ஒப்பந்தத்திலேயே என் வேலை என்ன என்று தெளிவாகப் பேசிவிட்டது: மலை ஏறுகிற எங்கள் தலைவரை மேட்டின் கடைசிப் பகுதி வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. நான் ஜெயிப்பதற்காக ஓட்டப் போவதில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது பெரியப்பா கேட்டார்: "இந்த வருஷம் எத்தன ஜெயிச்ச?"

"ஒண்ணும் இல்ல பெரியப்பா."

தலையை ஆட்டிக்கொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். மனதில் என்ன ஓடியது என்று முகத்திலேயே தெரிந்தது.

திங்கள்

தீவைச் சுற்றி வந்தேன். ஒரு முழுச் சுற்று ஏறக்குறைய 70 கிலோமீட்டர். இங்கே ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக வெளுக்கும் என்பதால் விளக்கு போட்டுக்கொண்டு இருட்டிலேயே கிளம்பினேன். கர்னி டிரைவில் நடைப்பயிற்சிக்காரர்கள், தஞ்சோங் பூங்காவில் கடலோர மசூதி, அப்புறம் பத்து ஃபெரிங்கி வரை ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கடல். இந்தச் சாலை எட்டு மணிக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டிய சாலை. அதற்குப் பிறகு கார்கள் உரசிக்கொண்டு போகும்.

தெலுக் பாஹாங் ரவுண்டானாவில் இடது பக்கம் திரும்பி, அணைக்கட்டைத் தாண்டியதும் காடு தொடங்குகிறது. ஏற்றமும் தொடங்குகிறது. மெதுவாகத்தான் ஏறினேன். இந்த மாதம் முழுக்க, பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகம்தான் என்று கோச் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்பவர்களுக்கு இது பயிற்சியாகவே தெரியாது. ஆனால் உடம்பு கொழுப்பை எரித்து ஓடக் கற்றுக்கொள்வது இந்த வேகத்தில்தான். பந்தயத்தில் நான்கு மணி நேரம் காற்றில் முன்னால் ஓட்டிவிட்டு, மலையடிவாரத்துக்கு வந்த பிறகும் காலில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும் என்றால் இந்த அடித்தளம் இல்லாமல் முடியாது. ஜெயிக்கிறவருக்கு இருப்பதைவிட எனக்கு இதன் தேவை அதிகம். அவர் கடைசி அரை மணி நேரத்துக்காகச் சக்தியைச் சேர்த்து வைக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

இன்று சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். நீண்ட ஓட்டத்தில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். எல்லாவற்றையும் ஜெல்லாகவே வாங்கினால் கட்டுப்படியாகாது. மூன்றாவது மணி நேரத்தில் நாக்கும் ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பிய அணிகளில் சமையல்காரர்கள் சோற்றைக் குழைத்துக் கட்டியாக்கி, வெட்டிச் சுற்றிக் கொடுப்பார்கள். நேற்று இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "இவ்வளவுதானா, சக்கரைப் பொங்கல்தானே" என்று எழுந்து போனார். பச்சரிசியைக் குழைய வேகவிட்டு, குலா மலாக்காவை, அதாவது தென்னை வெல்லத்தை, கரைத்து வடிகட்டி ஊற்றி, ஒரு சிட்டிகைக்கு மேலேயே உப்பு போட்டுக் கிளறினார். நெய் ஊற்றப் போனவரைத் தடுக்க வேண்டியிருந்தது. கொழுப்பு சேர்ந்தால் வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும். "நெய் இல்லாம என்ன பொங்கல்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு தேக்கரண்டி மட்டும் விட்டார். தட்டில் பரப்பி, ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் கத்தியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சதுரமாக வெட்டி, அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுத்தார். தாளின் ஒரு முனையை மட்டும் மடக்கி விட்டிருந்தார், ஒரு கையால் பிரிப்பதற்கு. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவராகவே யோசித்திருக்கிறார்.

தித்தி கெராவாங் இறக்கத்துக்கு முன்னால் ஒன்று, பாலிக் பூலாவ் ஊரைத் தாண்டி ஒன்று சாப்பிட்டேன். வயிற்றில் ஒரு சங்கடமும் இல்லை. தெலுக் கும்பாரில் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வீடு வந்து சேரும்போது சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

செவ்வாய்

மார்கழி பிறந்தாயிற்று. விடியுமுன்னே பக்கத்துக் கோயிலில் பாட்டு. இன்று ஒரு மணி நேரம் லேசாகக் காலைச் சுழற்றியதோடு சரி.

தாய்லாந்தில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சீ விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது. கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாகவே பொழுது போயிற்று. அடுத்தது 2027, நம் நாட்டில். அந்தச் சாலைப் போட்டி அணியில் எனக்கு ஓர் இடம் வேண்டும். இதை வெளிப்படையாக எழுதிவைக்கிறேன்.

புதன்

காலையில் சைக்கிளுக்குப் புது ஹேண்டில். உலகச் சைக்கிள் சங்கத்தின் புதிய விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது: சாலைப் பந்தயத்தில் ஹேண்டிலின் அகலம், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு, குறைந்தது 400 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சில வருஷமாக எல்லாரும் குறுக்கிக்கொண்டே போனார்கள். கை உள்ளே வந்தால் தோள் ஒடுங்கும், காற்றில் இடிபடும் பரப்பு குறையும், அதே வாட்டுக்கு, அதாவது மிதிக்கும் அதே சக்திக்கு, வேகம் கூடும். என்னுடையதும் குறுகலானதுதான். ஆனால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் தோளோடு தோள் உரசிப் போகும் கூட்டத்தில், திடீரென்று ஒரு குழி வந்தால் குறுகிய ஹேண்டிலைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. போத்தல் எடுத்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுகிறவனுக்கு அகலம்தான் பாதுகாப்பு.

வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து டேப் சுற்றினேன். கீழ் முனையில் ஆரம்பித்து, பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி, இழுத்துப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். பிடி தளர்ந்தால் வளைவில் இடைவெளி விழும். ரொம்ப இழுத்தால் பிய்ந்துவிடும். பிரேக் பிடியைச் சுற்றி வரும் இடம்தான் சோதனை. ஒரு பக்கம் முடித்துவிட்டு இன்னொரு பக்கத்துக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும், ஓட்டும்போது கை அழுத்துகிற பக்கமாக டேப் இறுக வேண்டும் என்பதற்காக. பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் முழு நேரமும் குந்திக்கொண்டு பார்த்தான். கடைசியில் கறுப்பு டேப்பை வெட்டிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலை. கெக் லோக் சீ கோயிலைத் தாண்டியதுமே சாலை சுருண்டு சுருண்டு ஏறுகிறது. புது ஹேண்டிலில் முழங்கை அகன்று நிற்பது முதலில் அந்நியமாக இருந்தது. நான்காவது வளைவுக்குள் பழகிவிட்டது. எழுந்து நின்று மிதிக்கும்போது மூச்சு தாராளமாகப் போகிறது.

வியாழன்

ஓய்வு நாள். பெரியம்மா தண்ணீர்மலைக்குப் போகலாம் என்றார். பாலதண்டாயுதபாணி சந்நிதிக்கு 513 படி. ஓய்வு நாளில் படி ஏறக்கூடாது என்பது எங்களுக்கு எழுதப்படாத சட்டம். மிதிக்கும்போது தசை சுருங்கி வேலை செய்யும், படி இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும், மறுநாள் தொடை கல்லாகிவிடும். பெரியம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "முருகனுக்குத் தெரியும்டா, நீ கீழ இருந்தே கும்பிடு" என்று கூடையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார். முழங்கால் வலி என்று பெரியப்பாவும் என்னோடு கீழேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுபடியும் அதே பேச்சு வந்தது. "ஜெயிக்கப் போறதில்லன்னா எதுக்குடா இந்தப் பாடு?"

பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னேன். லங்காவி டூர் 1996-இல் நம் நாட்டில் ஆரம்பித்த பல நாள் பந்தயம், இப்போது செப்டம்பர் கடைசியில் வருகிறது, உலக டூர் அணிகளும் வரும். சமவெளியில் முன்னால் ஒருவர் ஓட்டினால், ஒட்டிப் பின்னால் வருபவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி மிச்சம். அதனால் தலைவரைக் காற்றிலேயே விடக்கூடாது. வெயிலில் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகும். ஆகவே அணியின் காருக்குப் பின்வாங்கிப் போய்ப் போத்தல்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, மறுபடி கூட்டத்தைப் பிடித்து, முன்னால் போய் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும். தலைவருக்குப் பஞ்சர் ஆனால் என் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நான் ஓரமாக நிற்க வேண்டும். மலையில் வேகம் குறைந்துவிடுவதால் காற்று மறைப்புக்குப் பெரிய பலன் இல்லை. அங்கே என் வேலை வேகத்தை ஒரே சீராகப் பிடிப்பது. வளைவில் உதறி எழுந்து நான் பாய்ந்தால், பின்னால் வருகிற அவரும் பாய வேண்டியிருக்கும். அந்தக் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்து கடைசி மூன்று கிலோமீட்டரில் அவர் காலை வாரிவிடும். பரிசுப் பணத்தை அணி முழுக்கப் பங்கு போடுவதும் இதனால்தான்.

பெரியப்பா படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "உங்கப்பன் காவடி எடுத்த வருஷம் முன்னாடி நடந்தது நான்தான். வழி விலக்கிவிட்டு, தண்ணி காட்டி, நின்னா ஸ்டூல் போட்டு. இந்தப் படியில அவன் காலத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே ஏறுனேன். வேகமா ஏறுனாலும் திட்டுவான், மெதுவா ஏறுனாலும் திட்டுவான்."

"அதேதான் பெரியப்பா."

"அத முதல் நாளே சொல்ல வேண்டியதுதானே," என்றார். பிறகு காரில் வீடு திரும்பும்வரை, காருக்குப் பின்வாங்கும்போது கூட்டம் நிற்குமா, போத்தலைக் கொடுக்கிறவர் கையை எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு காரின் இழுப்பில் போனால் அபராதம் என்றதும் அவருக்கு மிகவும் திருப்தி. பிப்ரவரி 1 தைப்பூசத்துக்கு வருவாயா என்றார். கோச்சிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வெள்ளி

இந்த வாரத்தில் நான் எதிர்பார்த்திருந்த நாள் இதுதான். பாலிக் பூலாவிலிருந்து துன் சார்டோன் சாலை ஏறி ரெலாவ் பக்கம் இறங்குவது. அதுவும் ஆறு நிறைத் தண்ணீர்ப் போத்தலோடு.

பாலிக் பூலாவ் காப்பிக்கடையில் பசியாற நிறுத்தினேன். அங்கே காலைச் சவாரி முடித்த கூட்டம் ஒன்று, சீனர்கள், மலாய்க்காரர்கள், நடுவில் தலை நரைத்த நம் ஆள் ஒருவர். என் கால்களைப் பார்த்ததுமே, "தம்பி எந்த டீம்?" என்றார். பால் விடாத தேநீர், தே ஓ, வாங்கிக் கொடுத்தார். அங்கிள் இளமையில் தோட்டத்திலிருந்து பள்ளிக்கு சைக்கிளில் போனவராம். அப்போது ஆரம்பித்தது இன்னும் விடவில்லை. "நம்ம குமரேசன் ஒலிம்பிக் வரைக்கும் ஓட்டுனவரு, தெரியும்ல?" என்று கேட்டார். எம். குமரேசன் பெயரைத் தெரியாத தமிழ்ப் பந்தயக்காரன் இந்த நாட்டில் இருக்க முடியாது என்றேன். அவர் முகம் மலர்ந்தது. எங்கள் ஆட்களில் இப்போது ஓட்டுகிறவர்கள் மிகக் குறைவு என்ற வருத்தம் அவருக்கும் இருந்தது, எனக்கும் உண்டு. நல்ல சைக்கிள் ஒன்று ஒரு மோட்டார் சைக்கிள் விலை. திறமை இருக்கிற பையன் அங்கேயே நின்றுவிடுகிறான். பழைய சைக்கிளையும் காலணியையும் சின்னவர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் பழக்கம் கோலாலம்பூரில் எங்களுக்குள் கொஞ்சம் இருக்கிறது. அதைப் பெரிதாக்க வேண்டும்.

நான் போத்தல்களை எடுத்துச் சட்டைக்குள் திணிக்க ஆரம்பித்ததும் கடையே திரும்பிப் பார்த்தது. சட்டையின் முதுகுப் பைகளில் மூன்று, கழுத்துக்குப் பின்னால் ஒன்று, சைக்கிள் கூண்டுகளில் இரண்டு. எல்லாம் சேர்ந்து நாலு கிலோவுக்குக் குறையாது. குளிர்ந்த போத்தல் முதுகுத்தண்டில் படும்போது உடம்பு தூக்கிப் போடும். பத்து நிமிஷத்தில் அது வெந்நீராகிவிடும். அங்கிள் காரணம் கேட்டார், சொன்னேன். "அப்ப நான் லீடர்" என்று தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

இது திட்டத்தில் இல்லை. ஆனால் இதைவிட நல்ல பயிற்சி கிடைத்திருக்காது. 280 வாட் என்று மனதில் வைத்திருந்த கணக்கைத் தூக்கி வைத்துவிட்டு, அவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டு ஓட்டினேன். வளைவின் உள்பக்கம் செங்குத்து அதிகம். அங்கே கியரை ஒன்று முன்கூட்டியே இறக்கி, வெளிப்பக்கமாக அகலமாக எடுத்தால் மிதியின் தாளம் மாறாது. முதல் சில வளைவுகளில் பின்னால் மூச்சு இரைத்தது, சற்றே விட்டுக் கொடுத்தேன். அப்புறம் இரைச்சல் அடங்கி ஒரே சீராக வந்தது. அஞ்சோங் இண்டா காட்சி மேடை வரும்வரை இருவரும் பேசவில்லை. அங்கே இறங்கி நின்று ஒரு போத்தலை எடுத்து நீட்டினேன். பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

"இந்த மேட்டுல நான் நிக்காம ஏறி நாளாச்சு தம்பி," என்றார். "நீ முன்னால போனது தெரியவே இல்ல."

எனக்கு இந்த வாரம் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. துணை வீரன் முன்னால் போவது தலைவருக்குத் தெரியவே கூடாது.

2010-இல் அனுவார் மானான் லங்காவி டூரில் ஒரு கட்டத்தை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, வென்றார். அந்தப் பந்தயத்தில் கட்டம் வென்ற முதல் மலேசியர் அவர்தான். எனக்கு அப்போது ஆறு வயது. அந்த வெற்றியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தேன். இன்று இறக்கத்தில் வரும்போது எனக்கு அவருடைய அணியில் மற்றவர்கள் அன்று முழுக்க என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்றே நினைப்பு ஓடிற்று. யார் தண்ணீர் கொண்டுவந்தது, யார் காற்றில் நின்றது. அந்தக் கதைகளை யாராவது சேகரித்து எழுதினால் முதல் ஆளாக வாசிப்பேன்.

சனி

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். பெரியப்பா கெலுகோரிலிருந்து ஃபெர்ரித் துறை வரை மோட்டார் சைக்கிளில் என் பின்னாலேயே வந்தார், சமிக்ஞை விளக்குகளில் மற்ற வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு.

கோச் பருவ அட்டவணையை அனுப்பியிருக்கிறார். அழைப்புகள் உறுதியாக வேண்டும், ஆனாலும் கண்ணில் பார்த்ததே சந்தோஷம்: மார்ச்சில் தைவான், மே மாதம் ஜப்பான், ஜூலையில் சீனாவின் சிங்ஹாய் ஏரி, கடைசியில் லங்காவி டூர். சிங்ஹாய் ஏரி கடல்மட்டத்துக்கு 3,000 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சு எப்படி இருக்கும் என்பதை எந்தப் பினாங்கு மேடும் சொல்லித் தராது. போய்த்தான் பார்க்க வேண்டும். தைவானுக்குள் இன்னும் இரண்டு கிலோ இறங்க வேண்டும், அவசரமில்லாமல். சைக்கிள் எப்படியும் 6.8 கிலோவுக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி. மிச்ச கனமெல்லாம் என்னிடம்தான்.

தஞ்சோங் மாலிம் தாண்டியபோது தலைவர் அழைத்தார். திரங்கானுக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், பேச்சு எப்போதும் சுருக்கம். பினாங்கு எப்படி என்றார். துன் சார்டோன் மேட்டில் செய்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், ஜனவரி முகாமில் கெந்திங் மலைக்குப் போகும்போது கோதோங் ஜெயாவிலிருந்து மேலே அதே மாதிரி செய்து பார்க்கலாம், தன் மூச்சைக் கேட்டு நான் ஓட்ட வேண்டும், வாட் கணக்கை இருவருமே பார்க்கக் கூடாது என்றார். சரி என்றேன். அதற்கு முன், வரும் திங்கள் காலை ஆறரைக்கு கோம்பாக் ஒராங் அஸ்லி மருத்துவமனை முன்னால் சந்திப்பு. போத்தல்களை நான் நிரப்பிக் கொண்டுவருகிறேன், சக்கரைப் பொங்கலுக்கு அம்மாவிடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.